ஸ்ட்ராபெரி மரம்: வாங்கும் முன்னும் நட்ட பின்னும் கேட்கிற கேள்விகள்

நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட் பக்கம். வாசலில் ஒரு ஸ்ட்ராபெரி மரம் நிற்கிறது. நவம்பர் மாதத்தில் மாலை நடை போகிற நம்மவர்களில் பாதிப் பேராவது அதன் முன்னால் நின்று, "இது என்ன பழம்ங்க, சாப்பிடலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்கிறார்கள். சிலர் படம் எடுத்துப் போய், அடுத்த வாரம் நர்சரியிலிருந்து போன் செய்கிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதை விட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. மற்றவர்கள் கேட்டதோடு, முதல் மரத்தைச் சாகடிப்பதற்கு முன்னால் நானே யாரிடமாவது கேட்டிருக்க வேண்டியதும் இதில் இருக்கிறது.

ஸ்ட்ராபெரி மரத்தில் காய்க்குமா என்ன?

காய்க்காது. கடையில் வாங்குகிற ஸ்ட்ராபெரி தரையோடு படர்கிற செடி, ரோஜாக் குடும்பம். நான் சொல்கிற மரம் வேறு. அதன் தாவரப் பெயர் ஆர்பூட்டஸ் யுனெடோ. புளூபெரி, ரோடோடென்ட்ரான் எல்லாம் இதன் சொந்தக்காரர்கள். ஊட்டிப் பக்கம் சோலைக்காட்டு ஓரத்தில் சிவப்பாகப் பூக்கிற காட்டுப்பூவரசைப் பார்த்திருக்கிறீர்களா? அதுவும் இதே குடும்பம்தான்.

பழம் உருண்டையாக, முக்கால் அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம் வரை இருக்கும். மேலே பொடிப்பொடியாகச் சொரசொரப்பு. தூரத்திலிருந்து பார்த்த வெள்ளைக்காரர்களுக்கு ஸ்ட்ராபெரி நினைவு வந்திருக்கிறது. எனக்கு முதல் நாளே நினைவுக்கு வந்தது பெட்டிக்கடைத் தேன்மிட்டாய். சர்க்கரை ஒட்டிய அந்தச் சிவப்பு உருண்டை, அப்படியே அச்சு.

எங்கள் ஊரில் தேன்பழ மரத்தைத்தான் ஸ்ட்ராபெரி மரம் என்று விற்கிறார்கள். அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. ஆனால் குழம்பினால் உங்கள் தவறும் இல்லை. ஊரில் பள்ளிக்கூட வாசலிலும் தெருவோரத்திலும் குடை விரித்த மாதிரி நிற்குமே, சின்னச் சின்னதாகச் சிவந்த, வாயில் போட்டால் பொட்டென்று உடைந்து சர்க்கரைப் பாகு வழிகிற பழம், தேன்பழம் அல்லது சர்க்கரைப்பழம், அதன் தாவரப் பெயர் முண்டிங்கியா கலபுரா. இலங்கையில் ஜாம் பழம் என்பார்கள். மலேசியா, சிங்கப்பூரில் செர்ரி. அது மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்கா வரையிலான வெப்பப் பகுதியிலிருந்து வந்த மரம். அதன் வெள்ளைப் பூ ஸ்ட்ராபெரிப் பூவைப் போல இருப்பதால் ஆங்கிலத்தில் அதற்கும் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

ருசியில் தேன்பழம்தான் ஜெயிக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உறைபனி விழுகிற ஊரில் அது நிற்காது. நீங்கள் தெற்கு ஃப்ளோரிடாவிலோ சென்னையிலோ இருந்தால் தேன்பழத்தை வையுங்கள், இந்தப் பக்கத்தை இத்தோடு மூடிவிடலாம். இங்கே சான் ஃப்ரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ஜனவரிக் காலையில் கார் கண்ணாடியைச் சுரண்டுகிறவர்களுக்குத்தான் மீதி.

இன்னும் இரண்டு மரங்கள் இதே பெயரில் திரிகின்றன. சீனாவின் யாங்மெய் ஒன்று. இமயமலைச் சரிவில் வளரும் ஒரு கார்னஸ் மரம் இன்னொன்று, அதை இமாலய ஸ்ட்ராபெரி மரம் என்றே விற்கிறார்கள். அதனால் வாங்கும்போது சீட்டில் 'ஆர்பூட்டஸ்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதன் சொந்த ஊர் எது?

மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகள். ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலி, கிரீஸ், துருக்கி, வட ஆப்பிரிக்கா. அதோடு சம்பந்தமே இல்லாத மாதிரி அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், கில்லார்னி ஏரிக்கரையில். இடையில் இங்கிலாந்தைத் தாண்டிக் குதித்து அங்கே எப்படிப் போனது என்பது பழைய புதிர். சுமார் 4,000 வருடங்களுக்கு முன்னால் செம்பு தோண்ட வந்தவர்கள் தெற்கிலிருந்து கொண்டுவந்திருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள்.

மாட்ரிட் நகரத்தின் சின்னமே ஒரு கரடி இந்த மரத்தில் கால் ஊன்றி நின்று பழம் தின்பதுதான். அந்த ஊர் நடுவே புவேர்த்தா தெல் சோல் சதுக்கத்தில் 1967-ல் அதைச் சிலையாகவும் வைத்தார்கள். பச்சை இலை, வெள்ளைப் பூ, சிவப்புப் பழம் மூன்றும் ஒரே நேரத்தில் மரத்தில் இருப்பதால் இத்தாலிக்காரர்கள் தங்கள் கொடியின் நிறத்தை இதில் பார்த்தார்கள்.

இந்த ஊர் விவரமெல்லாம் சும்மா கதைக்காக இல்லை. மழை வருவது குளிர்காலத்தில், கோடையில் மண் காய்ந்து கிடக்கும். அந்தத் தாளத்துக்குப் பழகிய மரம் இது. கலிஃபோர்னியாவும் அதே தாளம்தான், அதனால் இங்கே சுகமாக இருக்கிறது. நம் மனதுக்குள் ஓடுவது வேறு தாளம், வெயில் ஏறினால் தண்ணீர் ஊற்று என்பது. சண்டை அங்கேதான் ஆரம்பம். அதைத் தண்ணீர்க் கேள்வியில் சொல்கிறேன்.

நான் இருக்கிற ஊரில் வளருமா?

சியாட்டில், போர்ட்லாந்து, கலிஃபோர்னியாவின் பெரும்பகுதி, லண்டன், பாரிஸ், மெல்போர்ன்: வளரும். வேர் பிடித்த மரம் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். வாடைக்காற்று அடிக்காத மூலையாகப் பார்த்து வையுங்கள். டொராண்டோ, சிகாகோவில் இருப்பவர்கள் ஆசைப்பட வேண்டாம்.

உண்மையைச் சொல்லுங்கள், பழம் நன்றாக இருக்குமா?

சுமார்.

ரோமானிய அறிஞர் பிளினி, 'யுனெடோ' என்ற பெயர் 'ஒன்றே ஒன்றுதான் தின்கிறேன்' என்று பொருள்படும் லத்தீன் தொடரிலிருந்து வந்தது என்று எழுதி வைத்திருக்கிறார். ஒன்று போதும், இரண்டாவது வேண்டாம் என்ற அர்த்தத்தில். 2,000 வருடம் கழித்தும் கருத்து பெரிதாக மாறவில்லை.

ஆனால் பாதிக் குறை பறிக்கிறவர்கள் மேல். ஆரஞ்சு நிறத்தில் இருக்கும்போதே பறித்துக் கடித்தால் மாவு மாதிரி இருக்கும், துவர்க்கும். நன்றாக அடர் சிவப்பாகி, விரலால் தொட்டாலே காம்பிலிருந்து கழன்று உள்ளங்கையில் விழ வேண்டும். அதுதான் பதம். அப்போது உள்ளே மஞ்சள் சதை, லேசான இனிப்பு, லொக்காட் பழ வாசனை கொஞ்சம், சீதாப்பழத்தின் தோலோரம் நாக்கில் படுகிற மணல்மணலான நெருடல். எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. என் கணவர் ஒன்றோடு நிறுத்திவிடுவார். மகள் பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்காமல் மரத்தடியில் நிற்பாள்.

பழத்துக்காக மட்டும் மரம் வைக்க நினைத்தால் மாதுளையோ, பெர்சிமனோ, அத்தியோ வையுங்கள். குளிர்காலத்தில், எல்லா மரமும் மொட்டையாக நிற்கிறபோது, ஒரு மரம் மட்டும் இலையும் பூவும் பழமுமாக நிற்க வேண்டும் என்றால் இதற்கு ஈடு கிடையாது.

பூவும் பழமும் ஒரே சமயத்தில் எப்படி?

இப்போது சிவந்திருக்கிற பழம் போன வருடத்துப் பூ. பூத்ததிலிருந்து பழுக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். அதனால் பழைய காய் பழுக்கும்போதே அடுத்த வருடத்துப் பூ வந்துவிடுகிறது. நவம்பரில் ஒரு கிளையைக் கையால் தாழ்த்திப் பாருங்கள். நுனியில் கவிழ்த்து வைத்த குட்டிக் கலயம் மாதிரி வெள்ளைப் பூக்கள் கொத்தாக, அதற்குக் கொஞ்சம் கீழே நூல் போன்ற காம்பில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு பதத்தில் உருண்டைகள். பூவின் வாய் சின்னது என்பதால் தேனீ தலைகீழாகத் தொங்கிக்கொண்டுதான் குடிக்கும். பக்கத்துச் செடிகளில் பூவே இல்லாத மாதம் என்பதால் பத்து மணி வெயில் பட்டதும் மரம் முழுக்க ரீங்காரம் கேட்கும். ஹம்மிங்பேர்டும் வரும், நம்மூர் தேன்சிட்டு போல அந்தரத்தில் நின்று.

எந்த ரகத்தை வாங்குவது?

இடத்தைப் பொறுத்தது. நர்சரிகளில் பொதுவாகக் கிடைப்பதை மட்டும் சொல்கிறேன்.

சாதாரண யுனெடோ 15 முதல் 25 அடி வரை வளரும், மெதுவாகத்தான். அடியிலிருந்தே பல தண்டுகளாகப் பிரியும். இடம் இருந்தால் என் ஓட்டு இதற்கே.

'காம்பேக்டா' அதன் குட்டை வடிவம். பல வருடத்தில் 8, 10 அடிக்கு வரும். டவுன்ஹவுஸ் வாசலுக்கும் வேலியோரத்துக்கும் இது போதும். 'எல்ஃபின் கிங்' இன்னும் குள்ளம், 5 அல்லது 6 அடி, சின்னதாக இருக்கும்போதே காய்க்க ஆரம்பிக்கும், தொட்டிக்கு ஏற்றது. இளஞ்சிவப்புப் பூ வேண்டும் என்றால் 'ரூப்ரா'.

அப்புறம் 'மரீனா'. வளைகுடாப் பகுதித் தெருக்களில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இதுதான். இது கலப்பினம். சான் ஃப்ரான்சிஸ்கோவின் மரீனா பகுதிப் பெயரைச் சூட்டி, சாரடோகா தோட்டக்கலை அறக்கட்டளை 1984-ல் இதை வெளியே விட்டது. 25 முதல் 40 அடி உயரம், பெரிய இலை, இளஞ்சிவப்புப் பூ. அதன் அழகு தண்டில்தான் இருக்கிறது. வெல்லப்பாகு நிறத்தில், வழவழவென்று. ஒற்றைத் தண்டாக வளர்த்து விற்பதால் தெருவோர மரமாகச் சரியாக வரும். சின்ன வாசலுக்கு வேண்டாம், பத்து வருடம் கழித்து ஜன்னலை மறைக்கும்போது வெட்டவும் மனசு வராது.

இந்த ஊரின் சொந்த மரம் ஒன்றும் உண்டு, மட்ரோன். தாவரப் பெயர் ஆர்பூட்டஸ் மென்சீசை. பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து கலிஃபோர்னியா வரை மலைச்சரிவுகளில் வளர்கிறது. 1769-ல் இந்தப் பக்கம் வந்த ஸ்பானியப் பாதிரியார் குவான் கிரெஸ்பி, தன் ஊர் மத்ரோன்யோ மரம் போல இருக்கிறதே என்று வைத்த பெயர் அது. மலையேறப் போகும்போது அந்தச் சிவப்புத் தண்டைப் பார்த்து மயங்கி வீட்டில் வைக்க ஆசைப்படாதவர்கள் குறைவு. நானும் ஆசைப்பட்டேன். வேரைத் தொந்தரவு செய்தால் பொறுக்காது, தோட்டத்துத் தண்ணீரும் பிடிக்காது. காட்டிலேயே போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

நர்சரியில் எதைப் பார்த்து எடுக்க வேண்டும்?

பெரிய மரமாக எடுக்காதீர்கள். இது முதல் விதி. 15 காலன் தொட்டியில் ஆள் உயரம் நிற்கிறதைப் பார்த்தால் கை அதற்குத்தான் போகும், சீக்கிரம் காய்க்குமே என்று. ஆனால் அதிக நாள் தொட்டியில் கிடந்தது என்றால் வேர் உள்ளேயே சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கும். அது மண்ணுக்குப் போன பின்னும் சுற்றுவதை விடாது. 5 காலன் செடி போதும். மூன்று, நான்கு வருடத்தில் அந்தப் பெரியதை எட்டிப் பிடித்துவிடும்.

எடுப்பதற்கு முன்னால் தொட்டியின் அடி ஓட்டைகளைப் பாருங்கள். தடித்த வேர் வெளியே வந்திருந்தால் வேறு செடி எடுங்கள். தண்டைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். செடி மண்ணோடு சேர்ந்து அசைய வேண்டும், மண்ணுக்குள் தனியாக ஆடக் கூடாது. குச்சியில் கட்டி நிமிர்த்தி வைத்திருந்தால், கட்டை அவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை.

ஆண் மரம், பெண் மரம் என்று இதில் கிடையாது. ஒரு மரமே காய்க்கும்.

எங்கே நடுவது, எப்போது?

நல்ல வெயில் படுகிற இடம். அரை நிழலிலும் வளரும், ஆனால் காய் குறையும். மண் எதுவானாலும் சமாளிக்கும். இதன் சொந்தக்காரர்களான புளூபெரியும் அசேலியாவும் புளிப்பு மண் கேட்டு அடம்பிடிக்கும், இது சுண்ணாம்பு மண்ணில்கூட வளரும். தண்ணீர் தேங்கினால் மட்டும் மன்னிப்பே கிடையாது.

எங்கள் பக்கம் களிமண். மழையில் ஒட்டும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். நடுவதற்கு முன்னால் ஒரு அடி ஆழம் குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். மறுபடி நிரப்புங்கள். மறுநாளும் தண்ணீர் கிடந்தால் அந்த இடம் சரியில்லை. வேறு இடம் இல்லை என்றால் ஒரு அடிக்கு மேடு கட்டி அதன் மேல் நடுங்கள்.

வீட்டுக்குள் நுழைகிற பாதை, கார் நிறுத்துகிற இடம், பெஞ்ச் போட்ட முற்றம், இவற்றிலிருந்து பத்து அடியாவது தள்ளி வையுங்கள். பழுத்த பழம் தானாகக் கொட்டும், மிதித்தால் வழுக்கும், செருப்போடு உள்ளே வரும். எங்கள் மரம் கார் பக்கம் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. நவம்பர் முழுக்கத் துடைப்பமும் கையுமாக இருக்கிறேன்.

நடுகிற மாதம், இங்கே அக்டோபர் கடைசி அல்லது நவம்பர். மழை ஆரம்பிக்கிற நேரம், மண்ணில் இன்னும் சூடு இருக்கும், கோடை வருவதற்குள் வேர் இறங்கிவிடும். குளிர் கடுமையான ஊர் என்றால் வசந்தத்தில் நடுங்கள்.

குழி, வேர்க்கட்டியின் ஆழமே இருக்கட்டும், அகலம் இரண்டு மடங்கு. தண்டு விரிந்து வேராகிற இடம் மண்ணுக்கு மேலே ஒரு அங்குலம் தெரிய வேண்டும். தோண்டிய மண்ணையே திருப்பிப் போடுங்கள், மூட்டை மூட்டையாக உரமண் வாங்கிக் குழியை நிரப்ப வேண்டாம். களிமண்ணுக்கு நடுவே பொலபொலப்பான குழி என்றால் மழையில் அது கிணறாகிவிடும். மேலே மரச்சீவல் மூன்று அங்குலம் பரப்பலாம், தண்டைத் தொடாமல்.

தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டுமா?

என் முதல் மரம் இப்படித்தான் போனது.

புல்தரை ஓரமாக நட்டிருந்தேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஸ்பிரிங்ளர் ஓடும். அது போதாதென்று மாலையில் கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊற்றிவிட்டு மீதித் தண்ணீரை இதற்கும் ஊற்றுவேன். வாடாமல் பார்த்துக்கொள்கிறோம் என்ற பெருமை வேறு. ஆகஸ்ட் மாதம் இலையின் பளபளப்பு போய், நுனி தொங்கியது. தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். இரண்டு வாரத்தில் ஒரு பக்கக் கிளை முழுக்கப் பழுப்பு. பிடுங்கினேன், கையோடு வந்துவிட்டது. சாக்கடை வாடை. ஒரு வேரைப் பிடித்து உருவினால் மேல்தோல் வழுக்கிக் கழன்று, நடுவில் நூல் மட்டும் கையில் நின்றது. வேர் அழுகல். பைட்டாப்தோரா என்கிற நுண்ணுயிரி, சூடான ஈர மண் கிடைத்தால் இப்படி வேரைத் தின்றுவிடும். வேர் போனதால் மண்ணில் தண்ணீர் இருந்தும் மரத்தால் குடிக்க முடியவில்லை. அதனால்தான் தாகத்தில் வாடியதைப் போலத் தெரிந்தது.

இப்போது நான் செய்வது இதுதான். முதல் இரண்டு கோடைக்கு வாரம் ஒரு முறை, மெதுவாக, ஆழமாக. ஊற்றுவதற்கு முன்னால் விரலையோ ஒரு குச்சியையோ மூன்று அங்குலம் மண்ணில் இறக்கிப் பார்க்க வேண்டும். ஈரம் ஒட்டினால் திரும்பி வந்துவிட வேண்டும். மூன்றாவது வருடத்திலிருந்து கோடையில் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு தடவை போதும். மழைக்காலத்தில் ஒன்றுமே வேண்டாம். சொட்டுநீர்க் குழாய் போட்டால் தண்டை ஒட்டி வைக்காமல் ஒன்றரை அடி தள்ளி வையுங்கள். புல்தரைக்கு நடுவில் மட்டும் நடாதீர்கள், புல்லுக்கு வேண்டியது இதற்கு விஷம்.

அமெரிக்காவில் கறிவேப்பிலையைக் காப்பாற்றுகிற அக்கறை நம் எல்லோருக்கும் ரத்தத்தில் ஊறிவிட்டது. அந்தக் கையோடு இதன் பக்கம் போகாதீர்கள்.

உரம்?

தேவை ரொம்பக் குறைவு. வசந்தத்தில் ஒரு கூடை மக்கிய உரம் மேலாகத் தூவினால் சரி.

தண்டில் பட்டை உரிகிறது. நோயா?

இல்லை. கொய்யா மரத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. கொய்யாவில் தோல் உரிந்து வழவழப்பான தண்டு தெரியுமே, அது போலத்தான். யுனெடோவில் பட்டை நார் நாராக, சொரசொரப்பாக உரியும், மரீனாவில் காகிதம் மாதிரிச் சுருண்டு உரியும். பிள்ளைகளுக்கு உரிக்கக் கை துறுதுறுக்கும். தானாக உரியட்டும் என்று சொல்லி வையுங்கள்.

இலையெல்லாம் கரி பூசியது போல இருக்கிறது.

இலையைத் திருப்பிப் பாருங்கள். அசுவினியோ செதில்பூச்சியோ உட்கார்ந்திருக்கும். அவை விடுகிற இனிப்புச் சாற்றின் மேல் வளர்கிற பூசணம்தான் அந்தக் கரி. எறும்பு வரிசை தண்டில் ஏறுகிறதென்றால் சந்தேகமே வேண்டாம், எறும்புதான் அந்தப் பூச்சிகளுக்குக் காவல்காரன். குழாயைத் திறந்து வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினால் அசுவினி போய்விடும். செதில்பூச்சி இருந்தால் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம், தேனீ இல்லாத மாலை நேரத்தில், பூக்காத மாதத்தில்.

மழைக்காலம் முடிந்ததும் இலையில் பழுப்புப் புள்ளிகள் வருவது வேறு, அது ஈரத்தால் வருகிற இலைப்புள்ளி நோய். விழுந்த இலையைப் பெருக்கிப் போட்டு, நடுவே காற்று புக ஒன்றிரண்டு கிளையை எடுத்துவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். கோடைத் தொடக்கத்தில் உள்பக்கத்துப் பழைய இலைகள் மஞ்சளாகி விழுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பழசு போய்ப் புதுசு வருகிறது.

எப்போது வெட்டிவிடலாம்?

குளிர் போனதும், வசந்தத் தொடக்கத்தில். கோடை முடிவில் கத்தரியை எடுத்தீர்கள் என்றால் அந்த வருடப் பூ போச்சு, பூ நுனிக் கிளையில்தான் வருகிறது. பெரிதாக வெட்ட ஒன்றும் இல்லை. காய்ந்தது, ஒன்றோடு ஒன்று உரசுவது, அடியில் நெருக்கமாக இருப்பது, இவற்றை எடுத்தால் தண்டின் வளைவு வெளியே தெரியும். புதர் மாதிரி உருட்டிக் கத்தரிக்கிற தோட்டக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சொல்லாமல் நான் வேலைக்குப் போய்விட்டு வந்த ஒரு நாளில், பாதி மரம் பந்தாகியிருந்தது.

பூ கொட்டிக் கிடக்கிறது, காயே நிற்கவில்லை. ஏன்?

புதிதாக நட்டு இரண்டு, மூன்று வருடம்தான் ஆகிறது என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் இல்லையென்றால் மூன்றைப் பாருங்கள். நிழல் அதிகமா? பூக்கிற நேரத்தில் விடாமல் மழை பெய்து தேனீ வராமல் போனதா? அல்லது போன வசந்தத்துக்கு அப்புறம் யாராவது நுனிகளை வெட்டினார்களா?

விதை போட்டு வளர்க்கலாமா? ஊருக்குக் கொண்டு போகலாமா?

பழத்தைப் பிசைந்து விதையைக் கழுவி, ஈர மணலில் கலந்து இரண்டு மாதம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மண் மேலாகத் தூவி விதைக்கலாம். முளைக்கும். காய்க்கப் பல வருடமாகும், தாய் மரத்தைப் போலவே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. ரகம் மாறக் கூடாது என்றால் கோடை முடிவில் பாதி முற்றிய குச்சியை வெட்டி வேர்விட வைக்க வேண்டும். நான் வைத்த எட்டில் இரண்டு பிழைத்தன.

ஊருக்குப் போகும்போது பெட்டியில் விதை போட்டுக்கொள்வது வேண்டாம். இந்தியாவுக்குள் விதையோ செடியோ கொண்டு போக இறக்குமதி அனுமதியும், இங்கிருந்து தாவர நலச் சான்றிதழும் வேண்டும். தவிர, சமவெளியின் கோடைச் சூட்டில் மழையும் சேர்ந்தால் என் முதல் மரத்துக்கு நடந்ததுதான் நடக்கும்.

குழந்தைகள், நாய் இருக்கிற வீடு. பயமில்லையா?

பழத்தில் விஷம் இல்லை, முள்ளும் கிடையாது. ரொம்பக் கனிந்து கீழே கிடக்கிற பழம் புளித்துப் போயிருக்கும், அதை மட்டும் பொறுக்கித் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போர்ச்சுகலின் தெற்கே இந்தப் பழத்தைப் பீப்பாயில் புளிக்க வைத்து, செம்பு வாலையில் காய்ச்சி மெத்ரோன்யு என்று சாராயம் இறக்குகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூடை கூடையாக விழுகிறது. என்ன செய்வது?

ஜாம் செய்யலாம். ஒரு கிலோ பழத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் குழைய வேகவைத்து, சல்லடையில் தேய்த்து வடிகட்டுங்கள், அந்த நெருடலெல்லாம் மேலே நின்றுவிடும். கூழுடன் 600 கிராம் சர்க்கரை, ஒரு எலுமிச்சம்பழச் சாறு சேர்த்துக் கிளறினால் கெட்டியாகும். தோசைக்கு நடுவே தடவிக் கொடுத்தால் பிள்ளைகள் கேள்வி கேட்பதில்லை.

இரண்டு வருடம் முன்னால் வந்திருந்த என் அம்மாவுக்கு ஜாமில் நம்பிக்கை இல்லை. ஒரு பழத்தை வாயில் போட்டு, கண்ணை மூடி யோசித்துவிட்டு, "துவர்ப்பு இருக்கில்ல, இலந்தை வடைக்கு ஆகும்டி" என்றார். பாதி பழுத்தும் பழுக்காததுமாகப் பொறுக்கி, வரமிளகாய், உப்பு, கொஞ்சம் புளி, வெல்லம், பெருங்காயம் எல்லாம் வைத்து உரலில் இடித்தார். இலந்தை போலக் கொட்டை இல்லாததால் இடிக்கச் சுலபம். தட்டித் தட்டித் தட்டில் வைத்து வெயிலில் காயப் போட்டார். நவம்பர் வெயில், இரண்டு நாளாகியும் ஈரம் போகவில்லை, அணில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அப்புறம் ஓவனை 170 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்து, கதவை லேசாகத் திறந்து வைத்து ஐந்து மணி நேரம் காய வைத்தோம். வீடு முழுக்கப் பெருங்காய வாசனை. ஒன்றோடு நிறுத்துகிற என் கணவர் அன்றைக்கு ஆறு தின்றார்.